சஞ்சிகை வேறு வெளியீட்டாளரிடம் போனால் நூலகம் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுச் சஞ்சிகையை நடத்துபவரும் அதை விற்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பல சஞ்சிகைகளின் உரிமை ஓர் அறிஞர் கழகத்திடமோ பல்கலைக்கழகத் துறையிடமோ இருக்கும். அச்சிடுவது, இணையத்தில் ஏற்றுவது, சந்தா வாங்குவது எல்லாம் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு வெளியீட்டு நிறுவனத்தின் வேலை. ஒப்பந்தம் முடிந்ததும் கழகம் வேறு நிறுவனத்திடம் போகலாம். சிலவேளை நிறுவனத்தையே இன்னொரு நிறுவனம் வாங்கிவிடும். பிளாக்வெல் 2007இல் வைலியோடு சேர்ந்தது, ஹிந்தாவியை வைலி 2021இல் வாங்கியது, ஐ.ஓ.எஸ். பிரஸ் 2023இல் சேஜின் கைக்குப் போனது. எப்படி நடந்தாலும் நூலக மேசைக்கு வரும் முறைப்பாடு ஒன்றுதான்: நேற்றுவரை திறந்த கட்டுரை இன்று காசு கேட்கிறது.

இலங்கையில் கோணேசபுரியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் போன்ற இடத்தில் இது சிறிய சிக்கல் அல்ல. வணிகக் கற்கை, பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று வெவ்வேறு துறையினர் ஒரே நூலகத்தை நம்பியிருக்கிறார்கள். மூதூரிலோ புல்மோட்டையிலோ வீட்டிலிருந்து ஆய்வறிக்கை எழுதும் மாணவருக்கு, திறக்காத கட்டுரைக்கு மாற்றாகப் பக்கத்தில் இன்னொரு பெரிய நூலகம் இல்லை. நூலகத்தில் மின்வளப் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இணைப்பைத் திருத்துவது இந்த வேலையின் சின்னப் பாதி. எந்த ஆண்டுகளுக்கு நமக்கு உரிமை இருக்கிறது, அதற்கு எந்தக் கடதாசி சான்று என்பதே பெரிய பாதி. அந்தக் கடதாசி கையில் இல்லாத நூலகம் காசு கொடுத்து வாங்கிய ஆண்டுகளையும் இழக்கும்.

எது மாறாது, எது மாறும்

ஐ.எஸ்.எஸ்.என். என்பது சஞ்சிகைக்குரிய எட்டு இலக்க எண். அச்சுப் பதிப்புக்கு ஒன்று, இணையப் பதிப்புக்கு ஒன்று. வீடு மாறினால் தேசிய அடையாள அட்டை இலக்கம் மாறாததுபோல, வெளியீட்டாளர் மாறினாலும் இந்த எண் மாறாது. சஞ்சிகையின் பெயர் குறிப்பிடத்தக்க அளவில் மாறினால்தான் புதிய எண் கிடைக்கும். ஆகவே கைமாற்றச் செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, பெயரும் சேர்ந்து மாறுகிறதா என்பதே. மாறாவிட்டால் அது அதே சஞ்சிகை. நூற்பட்டியலில் புதிய பதிவு தேவையில்லை.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் பிடித்துப் பார்க்கலாம். ஹார்வர்ட் பொருளியல் துறையில் பதிப்பிக்கப்படும் குவார்ட்டர்லி ஜேர்னல் ஒஃப் எக்கனொமிக்ஸ் 1886இல் தொடங்கியது. நெடுங்காலம் எம்.ஐ.டி. பிரஸ் வெளியிட்டு வந்தது. 2011இல் ஒக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ்ஸுக்கு மாறியது. அதன் அச்சு எண் 0033-5533, இணைய எண் 1531-4650. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இவைதான். எண்ணைத் தட்டச்சு செய்யும்போது பிழை விட்டோமா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு. அச்சு எண்ணின் முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்; 74 வரும். 11 ஆல் வகுத்தால் மீதி 8. 11இலிருந்து 8 போக 3. கடைசி இலக்கம் அந்த 3தான். விடை 10 ஆக வந்தால் கடைசியில் எக்ஸ் எழுத்து நிற்கும். மீதி பூச்சியமானால் கடைசி இலக்கமும் பூச்சியம். கைமாற்றப் பட்டியல்களில் ஓர் இலக்கம் பிசகினாலும் வேறு சஞ்சிகையின் பதிவைத் திருத்திவிடுவோம் என்பதால் இந்தச் சோதனை வீண் போகாது.

ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் நிலையான இணைய எண்ணான டி.ஓ.ஐ. சற்று வேறு விதம். அது 10 என்று தொடங்கும். புள்ளிக்குப் பின்வரும் எண் அந்தக் கட்டுரையை முதலில் பதிவு செய்தவரைக் காட்டும். மேலே சொன்ன சஞ்சிகையில் 10.2307 என்று தொடங்குபவை ஜேஸ்டோர் என்ற சஞ்சிகைக் காப்பகத் தளம் வழியாகப் பதிவானவை, 10.1162 எம்.ஐ.டி. பிரஸ் காலத்தவை, 10.1093 ஒக்ஸ்ஃபோர்ட் காலத்தவை. ஒரே சஞ்சிகைக்கு மூன்று முன்னொட்டுகள். கைமாறும்போது பழைய எண்களை யாரும் அழிப்பதில்லை. டி.ஓ.ஐ. எண்களைப் பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் பதிவில் அந்த எண் சுட்டும் முகவரியைப் புதிய வெளியீட்டாளர் மாற்றுவார், அவ்வளவுதான். அதனால் 10.1162 என்று தொடங்கும் எண்ணை அழுத்தினாலும் இன்று ஒக்ஸ்ஃபோர்ட் தளத்துக்கே போவோம். முன்னொட்டைப் பார்த்து "இது எம்.ஐ.டி. பிரஸ் கட்டுரை, அவர்களிடம் கேட்போம்" என்று மின்னஞ்சல் எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

மாறுபவை நிறைய: சஞ்சிகையின் முகப்பு முகவரி, நூலகத்தின் வாடிக்கையாளர் இலக்கம், நிருவாகக் கணக்கு, பயன்பாட்டுப் புள்ளிவிவரம் கிடைக்கும் இடம், விலை, சஞ்சிகை அடங்கியிருக்கும் தொகுப்பு. டி.ஓ.ஐ. வழியாக வருபவர் எப்படியாவது புதிய தளத்தை அடைந்துவிடுவார். பாடநெறிக் கையேட்டிலோ மூடில் என்ற இணையவழிப் பாடத்தளத்திலோ விரிவுரையாளர் ஒட்டிவைத்த பழைய முகவரி ஒருநாள் நின்றுபோகும். டி.ஓ.ஐ.யையே ஒட்டுங்கள் என்று விரிவுரையாளர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இது கைமாற்றம்தானா?

ஆசிரியர் குழு முழுவதும் விலகிப் போய்ப் புதிய சஞ்சிகை தொடங்குவதையும் சிலர் வெளியீட்டாளர் மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். லிங்குவா என்ற மொழியியல் சஞ்சிகையின் ஆசிரியர்கள் 2015இல் எல்செவியரிடமிருந்து விலகி, குளொஸா என்ற திறந்த அணுகல் சஞ்சிகையைத் தொடங்கினார்கள். லிங்குவா எல்செவியரிடமே தொடர்ந்தது. இவை இரண்டு சஞ்சிகைகள், இரண்டு எண்கள், இரண்டு பதிவுகள். லிங்குவாவின் பழைய ஆண்டுகளை குளொஸாவின் தளத்தில் தேடிப் பயனில்லை.

நமக்கு என்ன உரிமை இருந்தது?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். நூலகத்தில் ஒரு சஞ்சிகை திறக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு வகை உரிமை இருக்கிறது. கைமாறும்போது ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

நேரடிச் சந்தாவில் பெரும்பாலும் நிரந்தர அணுகல் என்ற பிரிவு இருக்கும். காசு கட்டிய ஆண்டுகளின் இதழ்கள், சந்தாவை நிறுத்திய பின்னும் நமக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. பெருந்தொகுப்பு வாங்கும்போது, தொகுப்பிலுள்ள எல்லாவற்றுக்கும் அந்த உரிமை இருக்காது. முன்பே சந்தா கட்டிய தலைப்புகளுக்கு மட்டும் நிரந்தர உரிமை, மற்றவை ஒப்பந்தக் காலம்வரை மட்டும் என்று எழுதியிருப்பது வழமை. எப்ஸ்கோ போன்ற திரட்டுத் தளங்களில் வரும் முழுக் கட்டுரைகள் வாடகைக்கு எடுத்தவை. வெளியீட்டாளர் விலக்கிக்கொண்டால் பழைய ஆண்டுகளும் சேர்ந்து போகும்; கேட்கவும் வழியில்லை.

நான்காவது வகை நம் நாட்டுக்கு மிக முக்கியம். ரிசேர்ச்4லைஃப் என்ற குடையின் கீழ் உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி, உணவு விவசாய அமைப்பின் அகோரா, சுற்றாடலுக்கான ஓரே, புத்தாக்கத்துக்கான ஆர்டி, சட்டத்துறைக்கான கோவாலி என்ற ஐந்து திட்டங்கள் உள்ளன. பதிவு செய்த பல்கலைக்கழகங்களும் வைத்தியசாலைகளும் ஆய்வு நிலையங்களும் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் இது வெளியீட்டாளர் விரும்பித் திறந்துவிடும் அணுகல். எந்த நாடுகளுக்குத் திறப்பது என்பதையும் அவர்தான் தீர்மானிக்கிறார். ஹினாரியில் சேர்ந்திருக்கும் வெளியீட்டாளரிடமிருந்து சேராத ஒருவரிடம் சஞ்சிகை போனால், வைத்தியர் ஒருவருக்கு நேற்றுத் திறந்தது இன்று திறக்காது. நிரந்தர உரிமை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அப்படி நடந்தால் புதிய வெளியீட்டாளரோடு வாதாடாமல், ஹினாரித் தளத்தில் புதிய வெளியீட்டாளரின் பெயரின் கீழ் அந்தத் தலைப்பு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அகரவரிசைப் பட்டியலில் பழைய இணைப்பு உடைந்து கிடக்க, வெளியீட்டாளர் வாரியான பட்டியலில் அது வேறிடத்தில் இருக்கக்கூடும்.

ஆகவே ஒவ்வொரு சஞ்சிகைக்கும் ஓர் எக்செல் வரி வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு, இரண்டு எண்கள், உரிமையின் வகை, காசு கட்டிய முதல் ஆண்டு, கடைசி ஆண்டு, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் நிரந்தர அணுகல் எழுதியிருக்கிறது, விலைச்சிட்டை இலக்கங்கள், பழைய வாடிக்கையாளர் இலக்கம், கைமாறும் நாள். ஒப்பந்தத்தையும் விலைச்சிட்டைகளையும் ஸ்கேன் செய்து அதே கோப்புறையில் போடுங்கள். விலைச்சிட்டை கணக்குப் பிரிவில் மட்டும் இருந்தால், சில ஆண்டுகளின் பின் அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. பல நூலகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு வழியாக வாங்கிய தொகுப்பென்றால், நம் நூலகத்தின் பெயர் இருக்கும் இணைப்புப் பட்டியலின் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

முன்கூட்டியே அறிவது எப்படி

வெளியீட்டாளர்களுக்கு இடையிலான கைமாற்றத்துக்கென்று ஒரு நடைமுறைக் கோவை இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் என்பது அதன் பெயர். பிரித்தானியாவின் யூ.கே.எஸ்.ஜி. அமைப்பு தொடங்கி வைத்ததை இப்போது அமெரிக்கத் தர நிறுவனமான நைசோ பராமரிக்கிறது. நான்காம் பதிப்பு 2019இல் வந்தது. நிரந்தர உரிமையைப் புதியவர் மதிக்க வேண்டும், சந்தாதாரர் பட்டியலைப் பழையவர் ஒப்படைக்க வேண்டும், பழைய முகப்பிலிருந்து புதிய முகப்புக்கு ஆகக் குறைந்தது 12 மாதங்கள் வழிகாட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது. விரும்பி ஏற்ற வெளியீட்டாளர்களை மட்டும்தான் இது கட்டுப்படுத்தும். சிறிய கழகம் ஒன்று தானே நடத்திய சஞ்சிகையை விற்கும்போது இதில் எதுவும் நடக்காமல் போகலாம்.

இந்தக் கோவையோடு சேர்ந்த அறிவிப்புச் சேவையை ஐ.எஸ்.எஸ்.என். சர்வதேச மையம் நடத்துகிறது. கட்டணமில்லை. தலைப்பாலோ எண்ணாலோ வெளியீட்டாளர் பெயராலோ தேடலாம். தனி ஒருவரின் முகவரிக்குப் பதிலாக நூலகத்தின் பொது மின்னஞ்சலை அறிவிப்புகளுக்குப் பதிந்துவிடுங்கள். ஆள் இடமாற்றம் போனாலும் செய்தி வந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலான கைமாற்றங்கள் ஜனவரி 1 தொடக்கம் நடைமுறைக்கு வரும். இங்கே அது வடகீழ்ப் பருவமழைக் காலம். ஆண்டிறுதி விடுமுறையும் சேர்ந்துவிடும். ஆகவே ஒக்டோபரில் சந்தாப் புதுப்பிப்புப் பட்டியல் வரும்போதே ஒவ்வொரு தலைப்பையும் அறிவிப்புச் சேவையில் தேடுங்கள். பழையவருக்கும் புதியவருக்கும் இரண்டு முறை காசு கட்டும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. தொகுப்பிலிருந்து ஒரு தலைப்பு வெளியேறினால், தொகுப்பு விலை குறைகிறதா என்று காசு கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். கட்டிய பின் கேட்டால் அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றுதான் பதில் வரும். டொலர்க் கொடுப்பனவுக்குக் கொள்வனவு அனுமதி, வங்கி என்று வாரங்கள் போகும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கைமாறும் நாளுக்கு முன்னரே பழைய தளத்தில் செய்யவேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. நிருவாகக் கணக்கில் நுழைந்து, நமக்கு உரிமையுள்ள தலைப்புகளும் ஆண்டுகளும் அடங்கிய பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். அடுத்தது பயன்பாட்டுப் புள்ளிவிவரம். பயன்பாட்டை எண்ணுவதற்கான பொதுத் தரமான கவுண்டர் முறையிலுள்ள சஞ்சிகை அறிக்கைகளை, இருக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் எடுத்துவிடுங்கள். சஞ்சிகை போன பின் பழைய தளம் அவற்றை எவ்வளவு காலம் வைத்திருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. புதிய தளத்திலோ முந்தைய கணக்கு எதுவும் இருக்காது.

இணைப்பும் வாசலும்

புதிய வெளியீட்டாளரிடம் கணக்கு இல்லையென்றால் திறந்து, வளாகத்தின் ஐ.பி. முகவரிகளைப் பதிய வேண்டும். கொடுக்க வேண்டியது பொது முகவரி. கணினியில் தெரியும் 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண்கள் வளாகத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும். அவற்றைக் கொடுத்துவிட்டுத் திறக்கவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு. சரியான வரம்பை வலையமைப்புப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளியிலிருந்து நுழைபவர்களை வளாகத்தின் முகவரியிலேயே தளங்களுக்கு அனுப்பும் ஈசிப்ரொக்ஸி என்ற மென்பொருளை வைத்திருந்தால், கவனமாகப் பார்க்கவேண்டிய ஒரு பிழை அங்கே காத்திருக்கிறது. மாணவர் நூலகத்தின் பழைய இணைப்பை அழுத்துகிறார். ப்ரொக்ஸி அவரைப் பழைய தளத்துக்குக் கொண்டுபோகிறது. பழைய தளம் அவரைப் புதிய தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. புதிய தளத்தின் பெயர் ப்ரொக்ஸியின் அமைப்புக் கோப்பில் இல்லை. எனவே ப்ரொக்ஸி அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது. மாணவர் சாதாரண வாசகராகப் போய் நிற்கிறார், தளம் காசு கேட்கிறது. வளாகத்துக்குள் இருப்பவருக்கோ ஐ.பி. முகவரியால் அதே இணைப்பு அழகாகத் திறக்கும். நூலகத்தில் இருந்து சோதித்தவர் "எல்லாம் சரி" என்று எழுதிவிடுவார். வீட்டிலிருக்கும் மாணவர் முறைப்பாடு செய்துகொண்டே இருப்பார். தீர்வு: புதிய தளத்துக்குரிய அமைப்பு வரிகளை அந்த மென்பொருளின் நிறுவனமான ஓ.சி.எல்.சி. தரும் பட்டியலிலிருந்து எடுத்துக் கோப்பில் சேர்த்து, ப்ரொக்ஸியை மறுபடி தொடக்க வேண்டும். மறுபடி தொடக்காமல் சேமித்தால் மட்டும் ஒன்றும் மாறாது. பழைய வரிகளை உடனே அழிக்கவும் வேண்டாம். அந்த வெளியீட்டாளரின் மற்றச் சஞ்சிகைகள் அவற்றில்தான் தங்கியிருக்கும்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். கைத்தொலைபேசியின் வை-பையை நிறுத்தி, டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் நூலக இணைப்பு வழியாக நுழையுங்கள். மூன்று கட்டுரைகளைத் திறந்து பாருங்கள்: நாம் காசு கட்டிய முதல் ஆண்டில் ஒன்று, பழைய வெளியீட்டாளரின் கடைசி ஆண்டில் ஒன்று, புதியவரின் முதல் ஆண்டில் ஒன்று. சுருக்கம் தெரிந்தால் போதாது, பி.டி.எஃப். கடைசிப் பக்கம்வரை இறங்க வேண்டும். திறந்த அணுகல் அடையாளம் உள்ள கட்டுரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது யாருக்கும் திறக்கும், நம் உரிமையைப் பற்றி எதுவும் சொல்லாது.

இந்தச் சோதனையை ஜனவரியில் ஒருமுறை செய்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. புதுப்பிப்புத் தாமதமாகும் என்று தெரிந்தே பல வெளியீட்டாளர்கள் ஆண்டின் முதல் மாதங்களில் வாசலைத் திறந்து வைப்பதுண்டு. அந்தச் சலுகை முடியும்போதுதான் உண்மை தெரியும். ஏப்ரலில் மீண்டும் அதே மூன்று கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். புதிய தளத்தில் கவுண்டர் அறிக்கைகளுள், மறுக்கப்பட்ட அணுகலைக் காட்டும் அறிக்கையையும் எடுங்கள். அந்தத் தலைப்பில் எண்ணிக்கை ஏறியிருந்தால், முறைப்பாடு செய்யாமலே திரும்பிப் போன வாசகர்கள் அவர்கள்.

நூற்பட்டியலில்

நூலக மென்பொருளான கோஹாவில் அதே பதிவைத் திருத்தினால் போதும். மார்க் என்ற பதிவு வடிவத்தின் 264ஆம் புலத்தில் புதிய வெளியீட்டாளரை, முதற் சுட்டி 3 இட்டு, இன்னொரு வரியாகச் சேர்க்கலாம். 856இல் முகவரியையும் கிடைக்கும் ஆண்டுகளையும் மாற்ற வேண்டும். 780, 785 புலங்கள் பெயர் மாறிய சஞ்சிகைகளுக்கானவை. வெளியீட்டாளர் மாறியதற்காக அவற்றைத் தொடக் கூடாது. இலங்கையின் பழைய தேசிய விஞ்ஞானச் சபையின் சஞ்சிகை பின்னர் தேசிய விஞ்ஞான மன்றத்தின் பெயரைத் தாங்கியது போன்ற மாற்றங்களுக்குத்தான் அந்த இணைப்புப் புலங்கள்.

பழைய ஆண்டுகள் எங்கே போயின என்பதை விசாரித்த பின்பே ஆண்டு வரம்பை எழுதுங்கள். எல்லாம் புதிய தளத்துக்குப் போயிருக்கலாம், புதிய தொகுதிகள் மட்டும் போயிருக்கலாம், சில ஆண்டுகள் இரண்டு தளங்களிலும் இருக்கலாம். இரண்டு தளங்களில் பிரிந்திருந்தால் 856ஐ இரண்டு வரிகளாக்கி, ஒவ்வொன்றிலும் அதன் ஆண்டுகளைக் காட்டுங்கள். பல தலைப்புகள் ஒன்றாகப் போனால் கோஹாவின் தொகுதித் திருத்தக் கருவியால் முகவரிகளை மாற்றலாம்; முதலில் இரண்டு மூன்று பதிவுகளில் ஓட்டிப் பார்த்து, பிறகு மிச்சத்துக்குப் போங்கள். 22.11 பதிப்பிலிருந்து கோஹாவில் மின்வள மேலாண்மைப் பகுதியும் உண்டு. ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் அங்கேயே பதிந்து வைக்கலாம். தானியங்கி இணைப்புச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். காசு கேட்கும் பக்கமும் கணினிக்கு ஒழுங்காகத் திறந்த பக்கம்தான்.

உரிமை மறுக்கப்பட்டால்

நாம் காசு கட்டிய ஆண்டுகளைப் புதிய தளம் திறக்கவில்லையென்றால் புதிய வெளியீட்டாளருக்கு எழுதுங்கள். பழையவருக்கும் சந்தா முகவருக்கும் பிரதி அனுப்புங்கள். "அணுகல் இல்லை" என்று பொதுவாக எழுதினால் மின்னஞ்சல் பல நாள் சுற்றும். சஞ்சிகையின் இரண்டு எண்கள், கைமாறிய நாள், உரிமையுள்ள முதல் ஆண்டும் கடைசி ஆண்டும், பழைய வாடிக்கையாளர் இலக்கம், வளாகத்தின் பொது ஐ.பி. வரம்பு, திறக்க மறுத்த ஒரு கட்டுரையின் டி.ஓ.ஐ. இவ்வளவையும் முதல் மின்னஞ்சலிலேயே கொடுங்கள். விலைச்சிட்டைகளையும் ஒப்பந்தத்தின் நிரந்தர அணுகல் பக்கத்தையும், பழைய தளத்தில் எடுத்த பட்டியலையும் இணையுங்கள். பழையவர் கொடுத்த சந்தாதாரர் பட்டியலில் நம் பெயர் விடுபட்டிருப்பது நடக்கக்கூடியது, கூட்டமைப்பு வழியாகவோ முகவர் வழியாகவோ வாங்கியவர்களுக்கு இன்னும் அதிகமாக. அப்படி விடுபட்டால் நம் கையிலுள்ள கடதாசியே சாட்சி.

எங்குமே திறக்காத பழைய ஆண்டுகளுக்கு ஐ.எஸ்.எஸ்.என். தளத்திலுள்ள கீப்பர்ஸ் பதிவேட்டைப் பாருங்கள். போர்ட்டிகோ, லொக்ஸ், குளொக்ஸ் போன்ற காப்பகங்களில் எந்தத் தொகுதிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன என்று அது காட்டும். காப்பகத்தில் இருப்பதெல்லாம் இன்றே திறக்காது. எந்த வெளியீட்டாளரும் தராமல் கைவிட்ட சஞ்சிகைகளைக் குளொக்ஸ் எல்லோருக்கும் திறந்துவிடும். போர்ட்டிகோ தன் உறுப்பு நூலகங்களுக்குத் திறக்கும்.

உரிமையே இல்லாத ஆண்டுகள் என்றால் வாசகரிடம் அதை நேராகச் சொல்லி, கட்டுரையாசிரியர் நிறுவனக் களஞ்சியத்தில் வைத்த பிரதியை, இலவசப் பிரதிகளைத் தேடித்தரும் அன்பேவோல் சேவை வழியாகத் தேடிக்கொடுங்கள். கிடைக்காவிட்டால் நூலகங்களுக்கிடையிலான இரவலாக வேறு பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். கோஹாப் பதிவிலும் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை நம்மிடம் திறக்கும் என்பதை வாசகருக்குத் தெரியும் குறிப்பாக எழுதிவிடுங்கள்.